மிதக்கும் தரையில் மான் கணக்கெடுப்பு: லோக்டாக்கில் கற்றவை

மணிப்பூரின் சங்காய் மானைப் பற்றிப் பேச்செடுத்தால் யாரும் முதலில் கேட்பது, "இப்போ எத்தனை இருக்கு?" என்றுதான். கேட்பதில் தப்பில்லை. 1951-ல் அழிந்துபோனது என்று அறிவிக்கப்பட்டு, 1953-ல் இயற்கையியலாளர் ஈ.பி.ஜீ மீண்டும் கண்டறிந்து, 1975-ல் வானிலிருந்து எண்ணியபோது வெறும் 14 என்று தெரியவந்த மான் அது. 2016 கணக்கெடுப்பில் 260. இந்த இரண்டு எண்ணையும் அருகருகே வைத்தால் யாருக்கும் மனசு நிறையும். எனக்கும் நிறைந்தது. ஆனால் மணிப்பூரில் ஆராய்ச்சி மாணவியாகக் களப்பணி செய்த காலத்தில், தலைக்கணக்கை விட அவசரமாக எடுக்க வேண்டிய கணக்கு வேறொன்று இருப்பதைப் புரிந்துகொண்டேன். அந்த மான் நிற்கும் தரை எவ்வளவு தடிமன், அந்தத் தரைக்கு அடியில் தண்ணீர் எவ்வளவு உயரம் என்பதுதான் அது. சதுப்பில் வாழும் விலங்குகளை, அதுவும் அணை ஒன்றின் பிடியில் இருக்கும் சதுப்பில், கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். இம்பாலுக்குத் தெற்கே லோக்டாக் ஏரி, வடகிழக்கு இந்தியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. அதன் தென்கிழக்கு மூலையில் 40 சதுர கிலோமீட்டரில் கெய்புல் லம்ஜாவ் பூங்கா. 1977-ல் தேசியப் பூங்கா ஆனது. பூங்காவின் பெரும்பகுதி நிலமே இல்லை. ஃபும்டி என்று மெய்தேய் மக்கள் சொல்லும் மிதவைத் திட்டுகள்தான். புல், நாணல், வேர், பாதி மக்கிய செடிகள், மண் எல்லாம் பின்னிப் பிணைந்து தண்ணீரில் மிதக்கும். ஐந்தில் ஒரு பங்கு மேலே தெரியும், மீதி நான்கு பங்கு தண்ணீருக்குள். உலகத்திலேயே காட்டில் சுதந்திரமாகத் திரியும் சங்காய் இந்த ஒரே இடத்தில்தான் மிஞ்சியிருக்கிறது.

அணை இதற்குள் எப்படி வருகிறது? 1983-ல் மணிப்பூர் ஆற்றின் குறுக்கே இத்தாய் என்ற இடத்தில் தடுப்பணை இயங்கத் தொடங்கியது. லோக்டாக் நீர்மின் திட்டத்துக்காக, 105 மெகாவாட். ஏரி நீரைச் சுரங்கம் வழியே லெய்மதாக் ஆற்றுப் பக்கம் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். அதற்கு ஏரி வருஷம் முழுக்க நிறைந்திருக்க வேண்டும். அணைக்கு முன்னால் கோடையில் தண்ணீர் வற்றும், ஃபும்டி கீழே இறங்கி ஏரியின் அடிமண்ணில் உட்காரும். வேர்கள் சேற்றைத் தொட்டுச் சத்து உறிஞ்சும். மழைக்காலம் வந்ததும், தடித்த திட்டாக மறுபடி மேலே எழும்பும். இப்படித்தான் அது காலங்காலமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு வந்தது. தடுப்பணை வந்தபின் கோடையிலும் தண்ணீர் இறங்குவதில்லை, ஃபும்டியும் தரையைத் தொடுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு மெலிகிறது, உடைகிறது, வெள்ளத்தில் துண்டு துண்டாக அடித்துப் போகப்படுகிறது. வளர்ந்த ஆண் சங்காய் ஒன்று 100 கிலோவை ஒட்டி இருக்கும். அதைத் தாங்க ஒரு மீட்டர் தடிமனாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் கால் உள்ளே இறங்கிவிடும்.

அணை என்றதும் ஊரையே மூழ்கடிக்கும் வெள்ளம்தான் நம் மனசில் வருகிறது. இங்கே நடந்தது வேறு. தண்ணீர் கூடியதை விட, குறைய வேண்டிய காலத்தில் குறையாமல் நின்றதுதான் கேடு.

நான் இதற்கு முன்பு கோடியக்கரையில் வெளிமான் கணக்கெடுப்புக்குப் போயிருக்கிறேன். அங்கே கால் ஊன்ற உறுதியான தரை, எதிரே திறந்த வெளி. நடந்துகொண்டே எண்ணலாம். கெய்புலில் அந்தப் பழக்கம் எதுவும் உதவாது. ஃபும்டியில் நடப்பது தண்ணீர் நிரப்பிய மெத்தை மேல் நடப்பது மாதிரி. ஒரு காலை வைத்தால் நாலு அடி தள்ளி நாணல் அசையும். அந்த அசைவை மான் நம்மைப் பார்க்கும் முன்பே கவனித்துவிடும். அதனால் அங்கே நடந்துபோய் எண்ணுவது என்ற பேச்சே கிடையாது. நடப்பது தடிமன் அளக்கவும், எச்சம் பொறுக்கவும், கேமரா கட்டவும் மட்டும்.

அப்படி நடக்கும்போது முழங்கால் வரை ஏறும் ரப்பர் பூட்ஸ் வேண்டாம். உள்ளே தண்ணீர் ஏறிவிட்டால் காலைத் தூக்க முடியாது. சாதாரணக் கேன்வாஸ் ஷூ போதும், அட்டைக்குக் கணுக்காலில் உப்பும் புகையிலையும். இரண்டு ஆள் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, பத்தடியாவது இடைவெளி வேண்டும். கையில் இரண்டு ஆள் நீளத்துக்கு மூங்கில் கழி, அதைப் படுக்கவாட்டில் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். உள்ளே இறங்கிவிட்டால் கழி இரண்டு பக்கமும் திட்டில் மாட்டித் தாங்கும். எழுந்து நிற்கப் பார்க்காமல் மல்லாந்து படுத்து உடம்பைப் பரப்பி நகர வேண்டும். இதை முதல் நாளே பயிற்சியாகச் செய்து பார்த்துவிடுவது நல்லது, அதுவும் பக்கத்தில் தோணியோடு ஒருவர் இருக்கும்போது.

மான் எப்படி நடக்கிறது என்பதை ஒரு தடத்தில் பார்த்தேன். புல் எரித்த இடத்தில் புதுசாகக் கசிந்த சேறு. குளம்பின் பிளவு மட்டுமில்லாமல் அதற்குப் பின்னால் கணுவுக்குக் கீழ்ப்பகுதியும் நீளமாகப் பதிந்திருந்தது. சங்காய் மானுக்கு அந்தப் பகுதி முடியில்லாமல் காய்ப்புக் காய்த்துத் தடித்திருக்கும், பாரத்தைப் பரப்பி நடக்க அது உதவுகிறது. பக்கத்திலேயே, அங்கே வாழும் இன்னொரு மானான பன்றிமானின் தடம் ஒன்று, குளம்பு மட்டும் ஆழமாகக் குத்தி இறங்கியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகு தடக் குறிப்பு எடுப்பதில் எனக்குக் குழப்பமே வரவில்லை.

சரி, தலைக்கணக்குக்கு வருவோம். அதற்கு உகந்த காலம் பிப்ரவரி, மார்ச். உயர்ந்த நாணலையும் புல்லையும் அப்போதுதான் பகுதி பகுதியாக எரிப்பார்கள். சில நாளில் இளந்தளிர் வரும், மான்கள் மறைவிலிருந்து வெளியே வந்து மேயும். இணைசேரும் பருவம் பிப்ரவரியில் தொடங்குவதால் ஆண்களுக்குக் கொம்பு முழுசாக இருக்கும். நெற்றிக் கிளையும் முதன்மைக் கொம்பும் ஒரே வளைவாக ஓடும் அந்தக் கொம்பைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். குட்டிகள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பிறந்தவை, தாய்க்குப் பின்னால் தனியாகத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கும்.

பூங்காவைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பரண் மேலோ மேட்டின் மேலோ ஆட்களை உட்கார வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் எண்ணத் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்துவதுதான் முறை. விடியலுக்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். ஆனால் ஏரி மேல் பனிமூட்டம் விலகும் வரை எண்ணத் தொடங்கக் கூடாது. ஒரு பரணுக்குப் பனி சீக்கிரம் விலகி, இன்னொன்றுக்கு விலகாமல் இருந்தால் கணக்கே கோணிவிடும். மாலையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டு கட்டிவிடும், தென்னாட்டு நேரக் கணக்கு அங்கே செல்லாது.

நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டியவை: பார்த்த நேரம், எத்தனை, ஆண், பெண், குட்டி, எந்தப் பக்கம் இருந்து வந்தது, எந்தப் பக்கம் போனது. கடைசி இரண்டும் சலிப்பாக இருக்கும், பலர் விட்டுவிடுவார்கள். ஒரே மானை இரண்டு பரண்கள் எண்ணியதா என்று கண்டுபிடிக்க அவைதான் கைகொடுக்கும். எண்ணி முடித்த அன்றே, பக்கத்துப் பக்கத்துப் பரண்காரர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து நேரத்தையும் திசையையும் ஒப்பிட வேண்டும். மறுநாளுக்குத் தள்ளினால் ஞாபகம் எழுத்தோடு சண்டை போடும். "சந்தேகம்" என்று தனிப் பத்தி ஒன்று போடுங்கள். தூரத்தில் நாணலுக்கு மேல் முதுகு மட்டும் தெரிந்த பெண்மான் சங்காயா பன்றிமானா என்று அடித்துச் சொல்ல முடியாத நேரம் நிறைய வரும். பன்றிமான் குட்டைக் கால், ஓடும்போது தலையைத் தாழ்த்திப் புல்லைக் கிழித்துக்கொண்டு போகும். சங்காய் தலை நிமிர்ந்தே போகும். ஓடினால்தான் இந்த வித்தியாசம் தெரியும், அதற்காக ஓட வைக்கவும் கூடாது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எத்தனை மான் கண்ணில் பட்டது என்பது, எவ்வளவு இடம் கண்ணில் பட்டது என்பதைப் பொறுத்தது. புல் அதிகமாக எரிந்த ஆண்டில் அதிக மான் தெரியும். எரியாத ஆண்டில் அதே மான்கள் நாணலுக்குள் நிற்கும், கணக்கு குறையும். அதனால் ஒவ்வொரு பரணிலிருந்தும் தெரியும் பரப்பை வரைபடத்தில் கோடு போட்டுக் குறித்து, எரிந்த பகுதியைத் தனி நிறத்தில் தீட்டி வைக்க வேண்டும். இது இல்லாமல் இந்த ஆண்டு பத்து கூடியது, போன ஆண்டு எட்டு குறைந்தது என்று பேசுவதில் அர்த்தம் இல்லை. மொத்த எண்ணிக்கையை விட, நூறு பெண்மானுக்கு எத்தனை குட்டி என்ற விகிதத்தை நான் அதிகம் நம்புகிறேன். அது மறைவினால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை.

எச்சத்தை வைத்துக் கணக்கிடலாமே என்று கேட்பார்கள். திட்டு அமிழ்ந்து எழும் இடங்களில் எச்சம் கழுவிப் போய்விடும். குட்டிச் சங்காயின் எச்சமும் பன்றிமானின் எச்சமும் அளவில் ஒன்று போலவே இருக்கும். மரபணுச் சோதனைக்கு அன்றைய எச்சம் மட்டும் எடுங்கள், பழசைத் தொட வேண்டாம். கேமராவுக்கும் இங்கே தனிப் பிரச்சினை உண்டு. காற்றில் நாணல் ஆடினாலே படம் எடுத்துத் தள்ளும், நினைவட்டை ஒரு நாளில் நிரம்பும். சுற்றி இரண்டு அடிக்கு நாணலைச் சாய்த்துவிட்டு, அகலமான மூங்கில் தட்டியை ஃபும்டியின் மேலேயே பரப்பி, அதில் கேமராவை நிறுத்தினால் தரையோடு சேர்ந்து ஏறி இறங்கும். அடிமண்ணில் ஊன்றிய கழியில் கட்டினால் தண்ணீர் ஏறும்போது கேமரா மானின் காலைத்தான் படம் பிடிக்கும்.

இப்போது தரைக்கு வருகிறேன். தடிமன் அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரண்டு மீட்டர் இரும்புக் கம்பி, அடிநுனியை விரல் நீளத்துக்குப் பக்கவாட்டில் மடித்து, மேலே சென்டிமீட்டர் கோடு போட்டது. திட்டில் குத்தி மறுபுறம் போனதும் கம்பியைச் சுழற்றி மெதுவாக மேலே இழுத்தால் மடிப்பு அடிப்புறத்தில் மாட்டும். அங்கே அளவைப் படிக்க வேண்டும். ஓரிடத்தில் ஒரு முறை குத்திப் பார்த்தால் போதாது, சுற்றி ஐந்தாறு இடமாவது குத்த வேண்டும். ஒரு கை தள்ளி நாற்பது சென்டிமீட்டர் வித்தியாசம் வரும்.

ஜி.பி.எஸ். புள்ளியைக் குறித்துக்கொண்டு அடுத்த மாதம் அதே இடத்துக்குப் போனால் அங்கே அதே தரை இருக்காது, நகர்ந்திருக்கும். எங்களுக்கு வழி சொன்னவர் பூங்காவில் தோணி தள்ளும் பெரியவர். திட்டில் கை நுழையும் அளவு ஓட்டை போட்டு, மூங்கிலை ஏரியின் அடிமண்ணில் ஆழமாக ஊன்றிவிடச் சொன்னார். ஃபும்டி அந்த மூங்கிலைச் சுற்றி ஏறும், இறங்கும், ஆனால் விலகிப் போகாது. மூங்கிலில் பெயின்டால் அளவுக்கோடு போட்டுவிட்டால் இரண்டு விஷயம் ஒரே பார்வையில் தெரியும். தண்ணீர் மட்டம் ஒன்று, திட்டின் மேல்மட்டம் இன்னொன்று. தண்ணீர் இறங்கியும் திட்டு இறங்காமல் நின்றால் அது அடியில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். இரண்டும் சேர்ந்தே இறங்கினால் இன்னும் மிதக்கிறது. நாங்கள் ஊன்றிய மூங்கில்களில் பெரும்பாலானவற்றில், கோடை முழுக்க இரண்டு கோடும் சேர்ந்தே நகர்ந்தன.

அந்தப் பெரியவரை நான் தாமோ என்று கூப்பிடுவேன், அண்ணன் முறை. நான் தமிழ் என்றதும் "மோரேயா?" என்று கேட்டார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் எல்லை ஊரான மோரேயில் குடியிருப்பதால், தமிழர் என்றதும் மணிப்பூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் ஊர் அதுதான். ஒரு மார்ச் மாதம், அவருடைய கழி முக்கால்வாசி மூழ்கும் ஆழத்தில் தோணி நின்றுகொண்டிருந்தபோது சொன்னார்: "இபெம்மா, இதே மாசத்துல இந்த இடத்துல நான் மாடு மேய்ச்சிருக்கேன். அங்க தெரியுதே, அது எங்க அப்பா நெல் போட்ட நிலம்." அவர் காட்டிய இடத்தில் தண்ணீர்தான் இருந்தது.

தடுப்பணையால் நிலம் இழந்த உழவர்கள் ஏராளம். பர்மாவின் சிந்த்வின் ஆற்றிலிருந்து ஏரிக்கு ஏறி வந்த பெங்பா மீனுக்கு வழி அடைபட்டது. மணிப்பூரின் மாநில மீன் அது, இன்று பண்ணைகளில்தான் வளர்கிறது. ஆக மானும் மீனும் மனிதரும் இழந்ததற்குக் காரணம் ஒன்றே. இருந்தும், மான் காப்புப் பேச்சில் ஏரி மக்களைத் தொல்லையாகப் பார்க்கும் போக்கு பலமாக இருக்கிறது. 2006-ல் வந்த ஏரிப் பாதுகாப்புச் சட்டத்தின் பேரில், 2011 நவம்பரில் மிதவைக் குடில்கள் நூற்றுக்கணக்கில் எரிக்கப்பட்டன. அதன் பிறகு அந்த மக்களிடம் போய் "மானைப் பார்த்தீர்களா" என்று கேட்டால் என்ன பதில் வரும்? எனக்கு அதில் இன்றும் ஆற்றாமை உண்டு. ஏரியின் வடக்குப் பக்கம் நம்புல் ஆறு கொண்டுவரும் இம்பால் நகரக் கழிவில் ஃபும்டி மிதமிஞ்சிப் பெருகுவதும், தெற்கே பூங்காவில் அது மெலிவதும் ஒரே ஏரியில் நடக்கின்றன. குடிலை எரித்தால் இரண்டும் சரியாகாது.

கீரை பறிக்கும் பெண்களோடு தோணியில் போவதைக் களப்பணியின் பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். இஷிங் கம்போங் என்று ஒரு காட்டுப்புல், அதன் அடித்தண்டு பூஞ்சையால் வீங்கிச் சதைப்பற்றாக இருக்கும். இம்பால் இமா கெய்தெல் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும். சங்காய் விரும்பி மேய்வதும் அதே புல்லைத்தான். அது எங்கே நன்றாக வந்திருக்கிறது, எங்கே இந்த ஆண்டு வரவில்லை, எந்தத் திட்டு கால் வைத்தாலே இறங்குகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எங்கள் கம்பி அளவுகளை அவர்கள் சொன்ன இடங்களோடு ஒப்பிட்டபோது மெலிந்த திட்டுகள் அனேகமாக அப்படியே பொருந்தின.

மழைக்காலத்தைக் கணக்கெடுப்புக்காரர்கள் பொதுவாக விட்டுவிடுவார்கள், பார்வை கிடைக்காது என்பதால். நான் விடக் கூடாது என்பேன். தண்ணீர் ஏறும்போது மான்கள் பூங்காவுக்குள் உள்ள பாபோட், தோயா, சிங்ஜாவ் என்ற சிறு குன்றுகளுக்கு ஒதுங்கும். ஃபும்டி மெலிய மெலிய இந்தக் குன்றுகளை நம்புவது கூடும். குன்றுச் சரிவில் கேமராக்களை ஜூன் தொடக்கத்திலேயே கட்டிவிடுங்கள். நாய்கள் ஏறி வருகின்றனவா என்பதையும் அவையே காட்டும்.

ஒரே இடத்தில் ஒரே கூட்டம் என்பதால் ஒரு வெள்ளமோ நோயோ போதும், எல்லாம் போய்விடும். அதற்காக பும்லென் ஏரிப் பக்கம் இரண்டாவது வாழிடம் உருவாக்கும் யோசனை உண்டு. கொல்கத்தா அலிப்பூர் உட்பட உயிரியல் பூங்காக்களிலும் வளர்க்கிறார்கள். இரண்டாவது வீடு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் வீட்டின் தரையை விட்டுக்கொடுக்க அதைச் சாக்காகப் பயன்படுத்துவதை ஏற்க முடியாது. கோடையில் சில வாரங்களாவது இத்தாய் மதகுகளைத் திறந்து, ஏரி மட்டத்தை (கடல் மட்டத்துக்கு மேல்) 768.5 மீட்டரிலிருந்து கீழே இறக்கி, ஃபும்டியை அடிமண்ணில் உட்கார விடுவது முடியாத காரியம் இல்லை. மின் உற்பத்தியில் கொஞ்சம் இழப்பு வரும். அணையையே அகற்ற வேண்டும் என்று கேட்பவர்களும் அங்கே பலர். லோக்டாக் 1990-ல் ராம்சார் தலமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள சதுப்பு என்று ஏற்கப்பட்டது, 1993-லேயே ஆபத்திலுள்ள சதுப்புகளுக்கான மொன்ட்ரூ பட்டியலில் ஏறிவிட்டது. இத்தனை ஆண்டாகத் தெரிந்த நோய்தான் இது.

மட்டத்தை இறக்கச் சொல்லும் அந்தக் கோரிக்கைக்கு நம்மைப் போன்றவர்கள் தரக்கூடியது தொடர்ச்சியான அளவு. மானின் எண்ணிக்கை, திட்டின் தடிமன், அன்றைய ஏரி மட்டம் மூன்றையும் ஒரே தாளில், ஒரே தேதியில், பக்கம் பக்கமாக எழுதுங்கள். தனித்தனி அறிக்கையாகப் போனால் மான் கூடியது என்ற வரி மட்டும்தான் எடுத்துப் படிக்கப்படும். அந்தத் தாளை மெய்தேய் மொழியில் போட்டு, ஏரியோர ஊர்க் கூட்டத்தில் படிக்கக் கொடுத்தோம். தாமோ அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏரி மட்டம் எந்த அளவைத் தாண்டினால் எங்கள் வயலில் தண்ணீர் நிற்கிறது என்பதையும் எழுதணும்" என்றார். கூட்டத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு அளவு சொல்ல, கடைசியில் ஊர்வாரியாகப் பிரித்து எழுதிக்கொண்டோம். அடுத்த தாளில் அது நான்காவது பத்தியாகச் சேர்ந்தது, அதை நிரப்பும் வேலையை ஊர்க்காரர்களே எடுத்துக்கொண்டார்கள்.